கிறிஸ்துமஸ் விருந்துக்கு எந்த பாட்டில்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகள் கயலுக்கு,

நலம்தானே? இத்தாலியில், அதுவும் மிலானோவில் குளிர் ஏறியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போம்மா. டிசம்பர் 24 இரவு உன் மேலாளர் வீட்டில் விருந்து, நுரைக்கும் ஒயின் வாங்கிப் போகவேண்டும், கடையில் அலமாரி நிறைய நிற்கிறது, எதை எடுப்பது என்று கேட்டிருந்தாய். விலையையும் லேபிளின் அழகையும் கொஞ்சம் ஒதுக்கி வை. நுரை எங்கே உண்டானது, பாட்டிலில் எவ்வளவு சர்க்கரை மிச்சம் இருக்கிறது என்ற இரண்டையும் முதலில் பார். இரண்டும் லேபிளிலேயே இருக்கும்.

சாதாரண ஒயினில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து, மூடிய இடத்தில் இரண்டாவது முறை நொதிக்க விடுவார்கள். வெளியேற வழியில்லாத கரியமில வாயு ஒயினிலேயே கரைந்துவிடும். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கூடும். 24 கிராமுக்கு 6 பார் வரை போகும். கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பாட்டில் ஏன் அவ்வளவு தடிமன், கார்க்குக்கு மேல் ஏன் கம்பிக்கூடு என்பது இதிலிருந்தே புரியும்.

இந்த இரண்டாம் நொதிப்பு பெரிய எஃகுத் தொட்டியில் நடந்தால் அது மார்தினோத்தி முறை. இத்தாலியின் ஆஸ்தி ஊரில் ஃபெதெரிக்கோ மார்தினோத்தி 1895இல் உருவாக்கியதைப் பிரான்ஸின் யூஜின் ஷார்மா 1907இல் மேம்படுத்தினார். அதனால் ஷார்மா முறை என்றும் சொல்வார்கள். வேலை சீக்கிரம் முடியும், பழத்தின் மணம் அப்படியே நிற்கும். அதே நொதிப்பு ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் தனித்தனியாக நடந்தால் 'மெத்தோதோ கிளாசிக்கோ' என்று லேபிளில் இருக்கும். செத்த ஈஸ்ட் மாதக்கணக்கில் ஒயினோடு கிடப்பதால் ரொட்டி மேலோடு, வறுத்த பாதாம் போன்ற வாசனை வரும். குமிழி பொடிப்பொடியாக இருக்கும். தொட்டி முறை மட்டம், பாட்டில் முறை உசத்தி என்று யாராவது சொன்னால் தலையாட்டாதே. பச்சை ஆப்பிள், பேரிக்காய், வெள்ளைப்பூ வாசனைதான் வேண்டும் என்றால் தொட்டி முறைதான் சரி.

புரோசெக்கோ என்ற இத்தாலிய நுரை ஒயின் பெரும்பாலும் தொட்டியில் ஆவது. திராட்சையின் பெயர் கிளேரா. குறைந்தது 85 சதவீதம் அது இருக்கவேண்டும். வெனெத்தோ, ஃப்ரியூலி பகுதிகளின் ஒன்பது மாவட்டங்களில் விளைவது டி.ஓ.சி. (எந்தப் பகுதி ஒயின் என்பதற்கான அரசுச் சான்று) புரோசெக்கோ. அதற்கு மேல் படி கொனெல்யானோ வால்டோபியாதேனே, அஸோலோ ஆகிய இரண்டு மலைப்பகுதிகள். இவை 2009 முதல் டி.ஓ.சி.ஜி., அதாவது அதைவிட உயர்ந்த சான்று. கொனெல்யானோ, வால்டோபியாதேனே குன்றுகளை 2019இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. செங்குத்தான சரிவு, கையால்தான் பறிக்கமுடியும், விலை கூடுவதற்கு நியாயமான காரணம் உண்டு. லேபிளில் 'ரிவே' என்று ஒரு ஊர்ப்பெயரோடு இருந்தால் அந்தக் குறிப்பிட்ட சரிவுகளின் திராட்சை மட்டும், ஒரே ஆண்டின் விளைச்சல். கார்திட்ஸே என்பது நூறு ஹெக்டேர் சொச்சமே உள்ள குன்று. விலை அதிகம், வழக்கமாகக் கொஞ்சம் இனிப்பாகச் செய்வார்கள். விருந்துக்கு அதை எடுப்பதைவிட நல்ல ரிவே எடு என்பேன். புரோசெக்கோவில் 'மில்லேசிமாத்தோ' என்று பொன்னெழுத்தில் இருந்தால் மயங்காதே. குறைந்தது 85 சதவீதம் அந்த ஆண்டின் திராட்சை என்பது மட்டுமே பொருள், தரத்துக்கு அது சான்று இல்லை.

பலர் ஏமாறுவது சர்க்கரை அளவில்தான். 'எக்ஸ்ட்ரா டிரை' என்று பார்த்ததும் இனிப்பே இருக்காது என்று நினைத்து வாங்குகிறார்கள். லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் சர்க்கரை அதில் உண்டு. 'புரூத்' அதைவிடக் குறைவு, 12க்குள். 'எக்ஸ்ட்ரா புரூத்' 6 வரை, 'தோசாஜோ ஸேரோ' அல்லது 'புரூத் நாத்தூரே' 3க்கும் கீழே. வெறும் 'டிரை' என்றால் 17 முதல் 32, நாக்கில் தெளிவாக இனிக்கும். அதோடு 'ஸ்புமாந்தே', அதாவது முழு நுரை ஒயின், என்று போட்டிருக்கிறதா என்றும் பார். 'ஃபிரிட்ஸாந்தே' என்றால் அழுத்தம் 1 முதல் 2.5 பார் மட்டும். லேசான குமிழி, சீக்கிரம் அடங்கிவிடும். வீட்டுச் சாப்பாட்டுக்கு நன்றாகவே இருக்கும், கோப்பை மோதிக் கொண்டாட அது போதாது.

பாட்டில் முறையில் மிலானோவுக்கு ரொம்பப் பக்கம் பிரெஷா மாவட்டத்து ஃபிரான்சாகோர்த்தா ஒயின். ஆண்டு குறிப்பிடாத சாதாரண பாட்டிலே ஈஸ்ட்டோடு குறைந்தது 18 மாதம் கிடக்கவேண்டும் என்பது சட்டம். ஆண்டு போட்டது 30 மாதம், 'ரிசேர்வா' என்ற நீண்ட நாள் வைத்த வகை 60. 'சாதேன்' என்ற வகை வெள்ளைத் திராட்சையில் மட்டும் செய்வது, 24 மாதம், அழுத்தம் 5 பாருக்குள், அதனால் வாயில் மென்மையாக இறங்கும். நுரை ஒயினுக்குப் பழகாதவர்களும் ரசித்துக் குடிப்பார்கள். வடக்கே மலைக்காற்றில் விளையும் த்ரெந்தோ டி.ஓ.சி.யில் புளிப்பு இன்னும் கூர்மை; குறைந்தது 15 மாதம். பியெமோந்தே பகுதியின் ஆல்தா லாங்கா ஒயின் எப்போதும் ஆண்டு போட்டுத்தான் வரும், 30 மாதம். இவற்றின் பின்லேபிளில் 'ஸ்போக்காத்தூரா' என்று ஒரு தேதி இருந்தால், ஈஸ்ட்டை வெளியேற்றி மூடிய நாள் அது. அந்தத் தேதியிலிருந்து ஒன்றிரண்டு வருடத்துக்குள் இருக்கும் பாட்டிலாக எடு.

இனி உன் விருந்து. 24ஆம் தேதி இரவு அங்கே வழக்கமாக மீன்தான், இறைச்சி இல்லை. மீனுக்கும் வறுவலுக்கும் ஃபிரான்சாகோர்த்தா புரூத் அல்லது சாதேன் எடுத்துக்கொள். கடைசியில் பனத்தோனே என்ற கிறிஸ்துமஸ் கேக் வெட்டுவார்களே, அதற்கு மறுபடி புரூத் ஊற்றுவது பல வீடுகளில் நடக்கும் தவறு. கேக்கின் இனிப்புக்கு முன்னால் புளிப்பு மட்டும் தூக்கலாகத் தெரியும், அருமையான ஒயின் வெறும் எலுமிச்சைச் சாறாகிவிடும். ஒயின் கேக்கைவிட இனிப்பாக இருக்கவேண்டும். ஆகவே கூடவே மோஸ்காத்தோ தாஸ்தி என்ற இனிப்பு ஒயின் ஒன்று வாங்கிப் போ. ஆல்கஹால் 5 சதவீதம்தான், பீச் பழ வாசனை, வயதானவர்களுக்கும் ஒத்துவரும். இதை மட்டும் புதிய ஆண்டாகப் பார்த்து எடு, பழசாக ஆக வாசனை போய்விடும். நம் வீட்டுக் காரக்குழம்புக்கும் இதுவே பொருந்தும், ஆல்கஹால் கூடினால் மிளகாய்க் காரம் இன்னும் எரியும்.

கடையில் வெயிலோ விளக்கு வெளிச்சமோ நேராக விழும் இடத்தில் நிற்கும் பாட்டிலைத் தொடாதே, முக்கியமாகத் தெளிந்த கண்ணாடியில் இருந்தால். வெளிச்சம் பட்டு வேகவைத்த முட்டைக்கோஸ் நாற்றம் வந்துவிடும். டிராமில் ஆட்டிக் கொண்டுபோன பாட்டிலை உடனே திறக்காதே. ஃபிரிட்ஜில் நான்கு மணி நேரம், அவசரமென்றால் ஐஸும் தண்ணீரும் சரிபாதி கலந்த வாளியில் அரை மணி. ஐஸ் மட்டும் போட்டால் இடைவெளியில் காற்று நின்று மெதுவாகத்தான் குளிரும். ஃப்ரீசரில் வைத்து மறந்தால் வெடிக்கும். புரோசெக்கோவுக்கு 6 முதல் 8 டிகிரி, ஃபிரான்சாகோர்த்தாவுக்கு 8 முதல் 10. அதற்கும் கீழே போனால் வாசனை மூடிக்கொள்ளும்.

கம்பியைத் தளர்த்தும் நொடியிலிருந்து கட்டைவிரல் கார்க்கை விட்டு நகரக்கூடாது. பாட்டிலைச் சாய்த்து, ஆட்கள் இல்லாத பக்கம் திருப்பி, கார்க்கை அசையாமல் பிடித்து பாட்டிலைச் சுழற்று. கார்க் தானாக எழும்பும். அதைத் தடுத்துக்கொண்டே விடு, சத்தமில்லாமல் திறக்கும். ஊற்றும்போது நுரையே வராவிட்டால் ஒயினைக் குறை சொல்லாதே, கோப்பையில் சோப்பு மிச்சம் இருக்கும். வெறும் வெந்நீரில் அலசித் துணியால் துடைக்கச் சொல். குறுகலான நீளக் கோப்பையைவிட நடுவில் அகன்ற கோப்பையில் மணம் நன்றாக வரும். 750 மில்லியில் ஆறு பேருக்கு ஊற்றலாம். மிச்சம் இருந்தால் கழுத்தில் ஸ்பூன் செருகுவது பயனற்றது; அழுத்திப் பூட்டும் மூடி ஒன்று வாங்கிக் கொடு, மறுநாள் வரை தாங்கும்.

நீ அங்கே லைசென்ஸ் எடுத்து மூன்று வருடம் ஆகவில்லை. அவர்களின் சட்டப்படி உனக்கு இரத்தத்தில் ஆல்கஹால் அளவு சுழியமாக இருக்கவேண்டும், ஒரு கோப்பைகூடக் கணக்கில் வரும். கார் எடுக்காதே. கடையில் சந்தேகம் வந்தால் பின்லேபிளைப் படம் எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா