வெள்ளிக்கிழமை வருகிறேன்

சோமனூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள தோழிக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. எழுத உட்கார்ந்த நேரம் தறியில் பாவு நூல் பிணைக்க ஆள் வந்துவிட்டார்கள், அப்படியே நாலு நாள் ஓடிவிட்டது. மஞ்சள் விற்ற பணம் கடனுக்கே போதாதது, அத்தை படுத்த படுக்கையாகிவிட்டது, எல்லாம் எழுதியிருந்தாய். கடைசியில் எழுதியிருந்தாயே, "ஜெபம் பண்ண உட்கார்ந்தால் வார்த்தையே வரவில்லை, விசுவாசம் செத்துப்போச்சோ என்னமோ" என்று, அந்த வரிதான் இத்தனை நாளும் மனசை அறுத்துக்கொண்டே இருந்தது.

இங்கே வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் ஆரம்பித்து 7 மாதம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பதால் அந்தச் செலவு தப்பித்தது. 12 தறியில் 6தான் ஓடுகிறது. குடிக்கிற தண்ணீரைக்கூட அளந்துதான் கொடுக்கிறேன். இந்த வெயிலில் அவர் காலி டம்ளரைப் பார்ப்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக அவர் இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டிருக்கிறார்கள். அங்கே விரல் வைத்தால் அதிர்வு தெரிய வேண்டும், நின்றுபோனால் உடனே ஓடிவர வேண்டும் என்று நர்ஸ் சொல்லிக் கொடுத்தார். தினமும் விளக்கை அணைத்ததும் தொட்டுப் பார்ப்பேன். தூரத்தில் தறி ஓடுகிற மாதிரி கிர்ரென்று ஓடும். "ஆண்டவரே, ஓடுது" என்பேன். பல ராத்திரி என் ஜெபம் அவ்வளவுதான்.

முதல் மாதம் ஒருவர் என்னிடம், "விசுவாசம் பூரணமாக இருந்தால் இந்நேரம் சுகம் கிடைத்திருக்கும்" என்றார். வீட்டுக்கு வந்து தறிக்கூடத்தில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன். அப்போஸ்தலர் பவுலும் தன் மாம்சத்தில் முள் என்று சொன்ன உபாதைக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டார், அது நீங்கவில்லையே, அவருக்கா விசுவாசம் குறைவு என்று அப்புறம்தான் தோன்றியது. அன்று சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்து அம்மா தூக்குப்போசியில் அரிசிம்பருப்பு சோறு கொண்டுவந்தார். மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுக்கிறவர். "சாப்புடு கண்ணு, அப்பறம் அழுவலாம்" என்றார். நெய் ஊற்றிச் சுடச்சுட இருந்தது. சாப்பிட்டேன், விடியும்வரை தூங்கினேன்.

மறுநாள் வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19-ஐ எடுத்தேன். ஓய்வுநாள் பள்ளியில் நாம் கேட்ட கதைதான். கர்மேல் மலையில் அக்கினி இறங்கக் கண்ட எலியா தீர்க்கதரிசி, ராணி யேசபேலுக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். வந்த தூதன் கடிந்துகொள்ளவே இல்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். திரும்பவும் எழுப்பிச் சாப்பிட வைக்கிறான். அதன் பிறகுதான் 40 நாள் நடை, ஓரேப் மலை, அங்கே கர்த்தர் பேசிய அந்த மெல்லிய சத்தம் எல்லாம். சின்ன வயசில் நமக்கு நெருப்பும் பூமியதிர்ச்சியும்தான் பிடித்தது, அடையை யார் கவனித்தோம்?

உன் விசுவாசம் சாகவில்லை. வார்த்தை வராவிட்டாலும் தினமும் ஆண்டவர் முன்னால் போய் உட்காருகிறாய் அல்லவா, செத்த விசுவாசம் உன்னை அங்கே கொண்டுபோய் உட்கார வைக்காது. கடன் தீரும், அத்தை எழுந்து நடப்பார் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன், எனக்கே அப்படி ஒரு வாக்கு கிடைக்கவில்லை. பேங்கில் தவணையைத் தள்ளிவைக்க முடியுமா என்று மட்டும் கேட்டுப் பார். கேட்பதில் அவமானம் ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை அவருக்கு டயாலிசிஸ் இல்லை, சின்னவன் கூட இருப்பான். காலை ரயிலில் ஈரோடு வந்துவிடுகிறேன். எதுவும் சமைத்து வைக்காதே, சந்தகையும் தேங்காய்ப்பாலும் கொண்டுவருகிறேன். அத்தையை நான் குளிப்பாட்டிக்கொள்கிறேன், நீ மத்தியானம் வரைக்கும் தூங்கு.

உன்
ஹாஸ்டல் பக்கத்துக் கட்டில்காரி