இழுப்பறையில் ஐந்து போன்கள்

அன்புள்ள கண்ணம்மா,

புதுப் போன் வாங்கி அனுப்பட்டுமா என்று நேற்று நீ கேட்டதும் சட்டென்று வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் குரல் இறங்கிப்போனது எனக்குக் கேட்டது. ஆசையாகக் கேட்ட பிள்ளையிடம் இப்படி வெட்டிப் பேசிவிட்டோமே என்று ராத்திரி முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது. போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் பாதியில் ‘சரிப்பா, சரிப்பா’ என்று நீ முடித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்தேன். பழைய போன்கள் ஐந்து, சார்ஜர்கள் பதினொன்று. ஒன்றின் முனை குச்சி மாதிரி, ஒன்று தட்டையாக, இன்னொன்று எதிலுமே நுழையவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் புதிதாக விற்பனைக்கு வரும் போன்களுக்கெல்லாம் டைப்-சி என்கிற ஒரே வாய்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. நல்ல காரியம். இருபது வருஷம் முன்னால் வந்திருக்க வேண்டியது.

அந்த ஐந்தில் ஒன்று முதுகு உப்பி, திரை ஒரு பக்கம் பிளந்துகொண்டு கிடந்தது. நீ முதல் வேலையில் சேர்ந்த அன்று எடுத்த படங்கள் அதில்தான் இருக்கின்றன. பழுது பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கையில்கூட வாங்கவில்லை, ‘இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம் சார்’ என்றார். அந்த வாக்கியத்தை எத்தனை பொருளுக்கு எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன் தெரியுமா? மிக்ஸிக்கு, பிரிண்டருக்கு, குடைக்குக்கூட.

விடாமல் இன்னொருவரிடம் போனேன். சின்னப் பையன், உன்னைவிட நாலைந்து வயசு குறைவாக இருப்பான். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், ஒரு ஸ்க்ரூகூட வெளியே தெரியவில்லை. எல்லாம் பசை. ஓரத்தை மெல்லச் சூடாக்கி, பசை இளகியதும் தாள் மாதிரி மெல்லிய தகட்டை உள்ளே விட்டு, மூச்சுவிடாமல் சுற்றிலும் இழுத்துக்கொண்டு வந்தான். பேட்டரி தலையணை மாதிரி வீங்கியிருந்தது. உள்ளே இருக்கும் திரவம் வயசாலும் சூட்டாலும் சிதைந்து வாயுவாகிவிடுகிறதாம், போக வழியில்லாமல் அப்படி உப்புகிறதாம். ‘குத்திடாதீங்க, அழுத்தாதீங்க, தீப்பிடிச்சிடும்’ என்று என்னைத் தள்ளி நிற்கச் சொன்னான். அவ்வளவு கவனம். இந்த வேலையை எங்கே கற்றாய் என்று கேட்டேன். யார் யாரோ பிரித்துக் காட்டும் வீடியோக்களைப் பார்த்துத்தானாம். போனைத் தயாரித்தவர்கள் உள்ளமைப்பு வரைபடத்தை இவனைப் போன்றவர்களுக்குக் கொடுப்பதில்லை. தெருவில் விழுந்தவரைத் தூக்கி உட்காரவைக்கிற மாதிரி கவனமாகப் பழுது பார்க்கும் ஒரு பையனிடமிருந்து எதற்காக அந்த வரைபடத்தை மறைக்க வேண்டும் என்று எனக்குப் புரியவே இல்லை, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே நினைப்புதான்.

புது பேட்டரி போட்டதும் போன் எழுந்துகொண்டது. நீயும் அந்த நீலச் சட்டையும். அப்புறம் பார்த்தால், பணம் அனுப்பும் ஆப் அதில் ஓடமாட்டேன் என்கிறது. அப்டேட் நின்று நாலு வருஷமாகிவிட்டதாம். திரை நன்றாக இருக்கிறது, கேமரா நன்றாக இருக்கிறது, ஆனாலும் அது ‘செத்துப்போன’ போன். பேட்டரி வீங்கினால் மாற்றலாம், இதை அந்தப் பையனாலும் ஒன்றும் செய்ய முடியாது. இதற்கும் ஐரோப்பாவில்தான் ஒரு வழி செய்திருக்கிறார்கள். 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்பனைக்கு வரும் போன் மாடல்களுக்கு, விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 வருஷம் அப்டேட் கொடுக்க வேண்டும், முக்கியமான உதிரிப் பாகங்கள் 7 வருஷம் கிடைக்க வேண்டும். மனசு வைத்தால் முடிகிற விஷயம்தான் என்று இதிலிருந்தே தெரிகிறதல்லவா?

ஒரு போன் தன் ஆயுளில் உண்டாக்கும் கரியமில வாயுவில் பெரும்பங்கு, அது நம் கைக்கு வருவதற்கு முன்பே, தோண்டுவதிலும் உருக்குவதிலும் சிப் செய்வதிலும் உண்டாகிவிடுகிறது. நாம் ராத்திரி சார்ஜ் போடும் மின்சாரம் அதற்குப் பக்கத்தில் மிகவும் சின்னது. அதனால், இருப்பதை இன்னும் இரண்டு வருஷம் வைத்திருந்தாலே பெரிய காரியம். பேட்டரிக்கு வேண்டிய கோபால்ட்டில் பாதிக்கு மேல் காங்கோவிலிருந்து வருகிறது. அங்கே ஒரு பகுதியை மனிதர்கள் கையால் குழி தோண்டி எடுக்கிறார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. புதுப் போனின் பெட்டியைத் திறக்கும்போது இது எனக்கு நினைவுக்கு வந்துவிடுகிறது கண்ணம்மா, நான் என்ன செய்வேன்.

தூக்கிப்போட்ட பிறகு நடப்பதும் அப்படித்தான். ஐநா வெளியிட்ட கணக்குப்படி 2022-இல் மட்டும் உலகத்தில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்குப் போனதாகப் பதிவானது 22.3 சதவீதம்தான். மீதியில் நிறைய, முறையில்லாமல் பிரிக்கப்படுகிறது, அல்லது குப்பைமேட்டுக்குப் போகிறது. செம்புக்காக வயரை அப்படியே தீயில் போட்டு எரிக்கிறார்கள். அந்தப் புகையில் டையாக்சின் என்கிற நச்சு இருக்கிறது, பக்கத்தில் விளையாடும் பிள்ளைகள் அதைத்தான் சுவாசிக்கிறார்கள்.

முறையாகச் செய்தால் எவ்வளவு கிடைக்கும் தெரியுமா? டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்காக ஜப்பானில் மக்களிடமிருந்து சுமார் 62 லட்சம் பழைய போன்களையும், கூடவே மற்றச் சின்னச் சின்னக் கருவிகளையும் நன்கொடையாகப் பெற்றுச் சேர்த்தார்கள். அதிலிருந்து 32 கிலோ தங்கம் வந்தது, வெள்ளி 3,500 கிலோ. ஏறக்குறைய ஐயாயிரம் பதக்கம், அத்தனையும் யாரோ இழுப்பறையில் போட்டு மறந்தவை. இதைப் படித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு வாங்க நினைத்த பணத்தை வைத்துக்கொள். இப்போது நான் வைத்திருக்கும் போன் நன்றாகப் பேசுகிறது, சாயங்காலத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறது, அவ்வளவுதான். அதையும் அந்தப் பையனிடமே கொடுக்கப்போகிறேன். நீயும் உன் போனை வருஷா வருஷம் மாற்றாதே அம்மா. ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடாதே, சூடுதான் பேட்டரிக்குப் பெரிய எதிரி. எப்போதும் நூறு சதவீதம் நிரப்பி வைக்காமல் எண்பதில் எடுத்துவிட்டால் நிறைய நாள் வரும்.

மற்ற போன்களை மறுசுழற்சிக்குக் கொடுக்க எடுத்துவைத்திருக்கிறேன், படங்களையெல்லாம் முதலில் எடுத்துவிட்டு. ஒன்று மட்டும் நிற்கிறது. நீ படிக்கும்போது வைத்திருந்த சிவப்புப் போன். சார்ஜ் ஏறுகிறது, திரையில் பூட்டைத் திறக்கும் ஒன்பது புள்ளி வருகிறது, அதற்கு மேல் போக முடியவில்லை. அம்மாவின் குரல் அதில் பதிவாகியிருக்கிறது என்று நீ ஒருமுறை சொன்னாய். அந்தப் புள்ளிகளில் விரலை எப்படி இழுப்பாய் என்று நினைவிருந்தால், ஒரு தாளில் வரைந்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா