சூரிச்சிலிருந்து ஒரு குப்பைக் கணக்கு

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அக்காவின் முழங்கால் வலி குறைந்தது அறிந்து நிம்மதி. திருகோணமலை உவர்மலையில் உங்கள் மாலைநேரச் சபை இப்போது குப்பையில் வந்து நிற்கிறது போலிருக்கிறது. சுவிஸில் குப்பைக்குக் காசு வாங்குகிறார்களாமே, அதனால் குப்பை குறைந்துவிட்டதாமே என்று கேட்டிருந்தீர்கள். காசு வாங்குவது உண்மை. குறைந்ததா என்பதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம்.

இங்கே குப்பை வண்டிக்காரர் எந்தப் பையையும் தூக்கமாட்டார். நகரம் அச்சடித்த பையில் கட்டி வைத்தால்தான் எடுப்பார். குப்பை அகற்றும் செலவில் ஒரு பங்கு அந்தப் பையின் விலையிலேயே அடங்கியிருக்கிறது. 35 லீட்டர் பை ஒன்று கிட்டத்தட்ட 2 பிராங்க். ஊருக்கு ஊர் கொஞ்சம் கூடும், குறையும். வெறும் பிளாஸ்டிக் பைக்கு இவ்வளவா என்று அக்கா கேட்பார். கடைக்காரருக்கும் அதன் அருமை தெரியும். பல கடைகளில் இந்தப் பைச் சுருளைத் தட்டில் வைக்கமாட்டார்கள். காசாளரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். சென்ட் காலன் நகரம் 1975இலேயே இதைத் தொடங்கியது. சூரிச்சுக்கு 1993இல் வந்தது. குப்பை போடுகிறவரே செலவையும் ஏற்க வேண்டும் என்று 1997இல் நாட்டுச் சட்டமே சொல்லிவிட்டது. ஆனாலும் பிரெஞ்சு பேசும் பகுதிகள் நெடுங்காலம் இழுத்தடித்தன. வோ மாநிலத்தில் 2013இல்தான் பெரும்பாலான ஊர்களுக்கு வந்தது. ஜெனீவாக்காரர் அதற்குப் பிறகும் பிடிகொடுக்கவில்லை.

பைக்கு விலை வந்தால் கை தானாகக் கணக்குப் பார்க்கும். காகிதத்தை அடுக்கி நூலால் கட்டித் தெருவில் வைத்தால் இலவசமாக எடுக்கிறார்கள். ஆகவே ஒரு துண்டுக் காகிதமும் பைக்குள் போவதில்லை. போத்தல்களை வெள்ளை, பச்சை, மண்ணிறம் என்று பிரித்துத் தெருமுனைத் தொட்டியில் போடுகிறோம். அதையும் ஞாயிற்றுக்கிழமை செய்யக்கூடாது, சத்தம் கேட்டு அயலவர் முறைப்பார். தண்ணீர்ப் போத்தல்களைக் கடைக்கே திருப்பிக் கொண்டுபோகலாம். வாங்கிய பொருளின் அட்டைப்பெட்டியைக் கடையிலேயே உரித்துப் போட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு. என் மனைவி பையை ஏறி மிதிக்காத குறைதான். அவ்வளவு அமுக்கிக் கட்டுகிறாள்.

ஏமாற்றுகிறவர்களும் இல்லாமலில்லை. சாதாரணப் பையில் கட்டி இருட்டில் வைத்துவிட்டுப் போவார்கள், வீட்டுக் குப்பையைப் பூங்காத் தொட்டியில் திணிப்பார்கள். அப்படிக் கிடக்கும் பையை அலுவலர்கள் அவிழ்த்துப் பார்த்து, உள்ளே முகவரியுள்ள கடித உறை அகப்பட்டால் தண்டப்பணம் அனுப்பிவிடுவார்கள். இன்னொரு பக்கம், கைக்குழந்தை உள்ள வீட்டில் டயபர் மட்டுமே பையை நிரப்பிவிடும். அவர்கள் என்ன செய்வார்கள்? சில ஊர்களில் அத்தகைய வீடுகளுக்குக் குறிப்பிட்ட அளவு பையை இலவசமாகத் தருகிறார்கள். இது நியாயமாகப் படுகிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பைக்குள் போகும் குப்பை குறைந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வீட்டுக்குள் வரும் குப்பை? இந்த நாட்டில் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 700 கிலோ வீட்டு, கடைக் கழிவு சேர்கிறது. உலகிலேயே அதிகம் குப்பை போடுகிறவர்கள் வரிசையில் இவர்களும் இருக்கிறார்கள். இலங்கையில் அதில் பாதிகூட வராது. சேர்வதில் பாதியைப் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்புகிறார்கள், மீதியை எரித்து மின்சாரமும் வெந்நீரும் எடுக்கிறார்கள். அந்தக் கெட்டித்தனத்தைக் குறைசொல்ல முடியாது. எனக்குத் தோன்றுவது இதுதான்: பைக்கட்டணம் எறிகிற கையைத்தான் பிடிக்கிறது, வாங்குகிற கையைப் பிடிப்பதில்லை. மூன்று தக்காளியைப் பிளாஸ்டிக் தட்டில் வைத்துச் சுற்றி விற்கிற கடைக்காரருக்கு என் பையின் விலை எப்படி உறைக்கும்? கண்ணாடிப் போத்தல், பற்றரி போன்றவற்றின் விலையில் அவற்றை அகற்றும் செலவையும் முன்கூட்டியே சேர்த்துவிடுகிறார்கள். அது சில சதம்தான். அதைப் பார்த்து வாங்காமல் விட்டவரை நான் கண்டதில்லை.

ஊரில் நாம் குப்பைக்குக் கொடுப்பது சோலைவரிக்குள், அதாவது உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் வீட்டு வரிக்குள், மறைந்திருக்கிறது. ஒரு பை போட்டாலும் பத்துப் பை போட்டாலும் அதே வரி. அது சரியல்ல என்று உங்கள் நண்பர்கள் சொல்வது நியாயந்தான். ஆனால் நாளைக்கே பைக்கு விலை வைத்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கொஞ்சம் வளவில் எரியும், கொஞ்சம் வெறும் காணிக்குப் போகும், மிச்சம் டச்சுக்குடாவில் மிதக்கும். கோட்டைப் பக்கத்து மான்கள் இப்போதே பொலித்தீனைத் தின்கின்றன. இங்கே காசு வாங்க முன்னர், அல்லது வாங்கும்போதே, பிரித்ததைக் கொண்டுபோய்க் கொடுக்க நடக்கும் தூரத்தில் இடம் வைத்தார்கள். அது இல்லாமல் கட்டணம் மட்டும் வந்திருந்தால் இவர்களும் ஆற்றில்தான் போட்டிருப்பார்கள்.

நம்மூரில் அந்த இடம் ஏற்கனவே பாதி இருக்கிறது. பழைய போத்தல், இரும்பு, பேப்பர் வாங்க சைக்கிளில் வருகிறவரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. குப்பைக்குக் காசு கேட்காமல் காசு கொடுத்து எடுத்துப்போகும் ஒரே ஆள் அவர்தான். அவருக்கு ஒழுங்கைமுனையில் ஒரு கொட்டகை போட்டுக் கொடுக்கச் சொல்லி உங்கள் சபை கேட்கட்டும். சமையலறைக் கழிவு கோழிக்கும் வாழையடிக்கும் போனால் வண்டிக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். 2025 நவம்பரிலிருந்து கடைகளில் சொப்பிங் பையைச் சும்மா கொடுக்கக்கூடாது என்று வந்த விதியை உங்கள் கடைத்தெருவில் கடைப்பிடிக்கிறார்களா? அது வாங்குகிற இடத்திலேயே விழுகிற காசு. சுவிஸ் பையை விட எனக்கு அதில்தான் நம்பிக்கை. அடுத்த கடிதத்தில் அதைப் பற்றி எழுதுங்கள்.

சோலைவரிக்கான பணத்தை அக்காவின் கணக்குக்கு அனுப்பியிருக்கிறேன். ஜனவரி 31க்கு முன் முழு ஆண்டுக்கும் கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி உண்டு, விட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மைத்துனன்