மருத்துவப் பணியாளர் ஜெபக்குழு – செயலாளரின் ஆண்டறிக்கை: 2024–25

தலைவர் அவர்களுக்கும், ஆயர் ஐயா அவர்களுக்கும், இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டையிலிருந்து வந்திருக்கும் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், லேப் டெக்னீஷியன் சகோதர சகோதரிகளுக்கும் ஸ்தோத்திரம்.

மாதாந்திர ஜெபக்கூடுகை தடையின்றி நடந்தது. மே 12 செவிலியர் தினமும், அக்டோபர் 18 பரிசுத்த லூக்கா திருநாளும் ஆசரிக்கப்பட்டன. கிறிஸ்துமஸ் கீதபவனியும் நடந்தது.

சர்க்கரை நோயாளிகளுக்கான பாதப் பரிசோதனை முகாமைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இது ஜெபக்குழுவின் வேலையா என்று செயற்குழுவில் கேட்டார்கள். கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-ல் வேலூருக்கு வந்த காலத்தில், தொழுநோயாளியின் விரல்கள் அழுகி உதிர்வதாகவே பலரும் நம்பினார்கள். உணர்ச்சி மரத்துப்போவதால் தெரியாமல் படும் காயமும் தீப்புண்ணுமே விரல்களைக் குலைக்கின்றன என்று காட்டினார் அவர். சர்க்கரை நோயாளியின் பாதத்திலும் நடப்பது இதுதான். மீன் ஏலக்கூடத்து ஈரத்தில் நிற்கிறவருக்கு முள் ஏறியது தெரிவதில்லை. சீழ் வைத்த பிறகே வருகிறார். அந்தப் பாதத்தை முன்கூட்டிப் பார்ப்பதும் ஊழியமே என்பது என் உறுதி.

புதிதாக வருகிறவர்களுக்காக முறையை எழுதுகிறேன். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழையை (10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை) முதலில் கையில் தொட்டுக் காட்டுங்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லி, பெருவிரல் நுனியிலும் விரல்களுக்குக் கீழுள்ள மேட்டிலும், இழை வளையும்வரை அழுத்தி ஓரிரு நொடியில் எடுங்கள்; தொட்டதை உணர்ந்தால் சொல்லச் சொல்லுங்கள். காய்ப்பின் மேல் வைத்தால் நல்ல பாதமும் மரத்ததாகத் தெரியும். தொடர்ந்து பயன்படுத்தினால் இழை தளரும். பத்துப் பேருக்குப் பிறகு ஒரு நாள் அதற்கு ஓய்வு வேண்டும். பிறகு நோயாளிக்கு வீட்டுப் பராமரிப்பையும் சொல்லுங்கள்: வெந்நீரின் சூட்டை முழங்கையால் பார்க்க வேண்டும், கால்களை ஊறவைக்க வேண்டாம். விரலிடுக்கை ஒற்றித் துடைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் பாதத்துக்கு மட்டும், இடுக்கில் தடவினால் ஈரம் தங்கிப் புண்ணாகும். கால் ஆணியை பிளேடால் சீவுவதும், கார்ன் பிளாஸ்டர் ஒட்டுவதும் கூடவே கூடாது. அந்தப் பிளாஸ்டரில் உள்ள அமிலம் நல்ல தோலையும் அரிக்கும்.

ஒரு நோயாளிக்கு இருவர் தேவை: ஒருவர் பார்க்க, ஒருவர் எழுத. நைட் டூட்டி முடித்து நேரே வந்த சகோதரிகள் சிலரே இதைத் தாங்கினார்கள். வீக்லி ஆஃப் இருந்தும் பலர் வரவில்லை என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன். பெரிய வியாழனன்று கால் கழுவும் ஆராதனையில் முன்வரிசையில் உட்காருகிற நாம், காசிமேட்டுத் தாய்மாரின் கால்களுக்கு முன்னும் குனிய வேண்டும்.

சந்தா பாக்கி கணிசமாக நிற்கிறது. வரவு செலவைத் தணிக்கையாளர் பார்த்துக் கையொப்பமிட்டார், கையிருப்பு சொற்பமே. ஏழை நோயாளிகளுக்கு எம்.சி.ஆர். செருப்பு (மரத்த பாதத்துக்கான மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பு) வாங்கும் எண்ணம் அதனால் தள்ளிப்போனது.

மண்டபம் தந்த திருச்சபைக் குழுவுக்கும், பொருளாளருக்கும், தேநீர் தந்த பெண்கள் ஐக்கியத்துக்கும் நன்றி.

வரும் ஆண்டிலும் இரண்டாம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் முகாம் நடக்கும். இழை பிடிக்கக் கற்க அரைமணி போதும். பெயர் எழுதும் பதிவேடு வாசல் மேசையில் இருக்கிறது; ரசீதுப் புத்தகத்தோடு பொருளாளரும் அங்கேயே இருப்பார்.

கர்த்தரின் பணியில்,
செயலாளர்