குன்றிமணி வேண்டாம், கல்வாழை மணி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த சிறு தாளக் கருவிகள் பற்றிய கட்டுரையில் உடனே திருத்த வேண்டிய இடம் ஒன்று உண்டு. பள்ளிப் பிள்ளைகள் மராக்கா என்ற கிலுக்கியைச் செய்யும் முறையைச் சொன்னவர், காய்க்குள் குன்றிமணியைப் போடச் சொல்லிவிட்டார். குன்றிமணியில் இருக்கும் அப்ரின் கொடிய நஞ்சு. முழு மணியின் கெட்டித் தோல் அதை ஓரளவு அடக்கி வைத்திருக்கும். கடித்ததையோ உடைந்ததையோ விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மராக்காவோ கை தவறினால் உடைகிற பொருள். மணிகள் வகுப்பறை முழுக்கச் சிதறும்.

கல்வாழையின் கறுப்பு மணி போதும். ஜிம்பாப்வேயில், விரலால் மீட்டும் இரும்பு நாக்குகள் கொண்ட ம்பிராவின் இசையோடு ஆட்டும் ஹோஷோ என்ற சுரைக்குடுவைக்குள் இதைத்தான் போடுகிறார்கள். நான்கு அங்குலக் காய்க்கு 25 முதல் 30 மணி. அதற்கு மேல் போட்டால் மணிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ‘சட்’டென்ற வெட்டு போய், வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். ஜோடியில் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைத்துப் போட்டால் இரண்டும் வேறு வேறு குரலில் பேசும்.

காய்க்காக வெளிநாட்டில் தேட வேண்டாம். கரீபியன் தீவுகளில் மராக்காவுக்கு எடுக்கும் காய், நம் ஊரில் திருவோட்டுக்காய் என்கிறோமே, அதுதான். அமெரிக்க மண்ணின் மரம் இங்கே வந்து சாமியார் கை ஓடாகிவிட்டது! முற்றிய காயில் ஓர் அங்குலத் துளை போட்டு, தண்ணீர் நிரப்பி மூன்று நாள் ஊறவிட்டு, கம்பியால் சதையைக் கிளறி எடுக்க வேண்டும். பிறகு ஒரு கைப்பிடி பருமணலும் தண்ணீரும் விட்டுக் குலுக்கினால் ஒட்டியிருக்கும் சதையும் வந்துவிடும். கட்டுரையில் சொன்னதுபோல் வெயிலில் வைத்தால் ஓடு வெடிக்கும். நிழலில்தான் உலர வேண்டும். ஏற்காட்டு மூடுபனியில் உள்ளே பூசணம் பிடிக்கும் என்பதால், மலையில் செய்கிறவர்கள் சேலத்துக்கு இறக்கி உலர்த்துவது நல்லது.

அடுத்தது, ‘மேற்கத்தியக் கருவிகள்’ என்ற தலைப்பு. மராக்கா அமெரிக்கப் பழங்குடிகளின் கருவி. மணிவலை போர்த்திய சுரைக்குடுவையான ஷெக்கரே மேற்கு ஆப்பிரிக்காவினுடையது. கஹோன் என்ற பெட்டி, பெருவில் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர் கையில் பிறந்தது. 1977இல் ஸ்பெயின் கிட்டார் கலைஞர் பாக்கோ டி லூசியா அங்கே போய்வந்த பிறகுதான் அந்நாட்டின் ஃபிளமெங்கோ இசை அதை எடுத்துக்கொண்டது. பட்டியலில் ஐரோப்பாவுக்கு உரியது என்று தயங்காமல் சொல்லக்கூடியது டிரையாங்கிள் ஒன்றே.

கியூபாவின் கிளாவேயை ‘ஏதாவது இரண்டு குச்சி’ என்று எழுதியிருப்பதும் சரியல்ல. ஹவானா கப்பல் பட்டறைகளின் கடின மரமுளைகளிலிருந்து வந்தது என்பார்கள். ஸ்பானிய மொழியில் அந்த முளைக்குக் ‘கிளாவிஹா’ என்று பெயர் இருப்பதும் அதற்கு இடம் கொடுக்கிறது. ஏற்காட்டில் எளிதாகக் கிடைக்கிறது என்று சில்வர் ஓக்கில் கடைந்தால் ‘டொக்’ என்று செத்த சத்தம்தான் வரும். ஈட்டி மரமோ புளிய மரத்தின் வைரமோ வேண்டும், 20 செ.மீ. நீளம், 2.5 செ.மீ. கனம். கீழ்க்கட்டையை இறுக்கிப் பிடித்தால் எந்த மரமும் ஊமைதான். கையைக் கிண்ணம்போல் குழித்து, விரல்நுனிகளில் சும்மா கிடத்தி, நடுவில் தட்ட வேண்டும்.

கஞ்சிராவை டாம்பூரினின் தமிழ் வடிவம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். வளையத்தில் தோல் போர்த்துவது பல நாட்டுக்கும் பொது. அதை வைத்து யார் யாரிடம் வாங்கினார் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. அரபு நாட்டு ரிக் என்ற தோல்வளையத்தில் ஐந்து இடத்தில் சலங்கைத் தட்டுகள். தட்டும் தோலும் சரிபாதி பேசும். கஞ்சிராவில் ஒரே பிளவு, அதில் மூன்று நான்கு காசு. பேசுவது தோல்தான். இடக்கை விரலால் தோலை அழுத்திக் குரலை வளைப்பதும், உள்பக்கம் தண்ணீர் தொட்டுக் கீழே இறக்குவதும்தான் அதன் வித்தை. பஜனையில் இருந்ததைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளை.

அவர் காலத்தில் உடும்புத் தோல். இன்று 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது கடும் பாதுகாப்புக்கு உரிய பட்டியலில், உடும்பு இருக்கிறது. ‘கிடைத்தால் உடும்புத் தோலே சிறந்தது’ என்று அச்சில் போடுவது தவறு. ஆட்டுத்தோல் போதும். விரல்நுனியால் உள்பக்கம் தண்ணீர் தடவி ஐந்து நிமிடம் விட வேண்டும். அதிகமானால் ‘தொப்’பென்று தொய்ந்து அந்தக் கச்சேரிக்குள் மீளாது, அதனால்தான் வித்வான்கள் இன்னொன்றையும் பையில் வைத்திருப்பார்கள். ஏற்காட்டில் மழைக்கால மாலைகளில் தண்ணீரே தொட வேண்டாம், பனி பார்த்துக்கொள்ளும். தொய்ந்ததை அடுப்பில் காட்டினால் தோல் சுருங்கிக் கிழியும். எரியும் குண்டு பல்புக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் போதும்.

கட்டுரை விட்டுவிட்ட ஒன்று சேர்வராயன் மலை போன்ற குறிஞ்சி நிலத்துக்கே உரியது. தினைப்புனத்தில் கிளி ஓட்டும் கருவிகளாகத் தழல், தட்டை, குளிர் மூன்றையும் குறிஞ்சிப்பாட்டு சொல்கிறது. மூங்கிலைக் கணு உள்ளிருக்க நறுக்கிப் பலவாகப் பிளந்து தட்டுவது தட்டை என்பது உரை. பிலிப்பைன்ஸ் மலைகளில் கலிங்கா மக்கள் உள்ளங்கையில் தட்டி இசைக்கும் பிளந்த மூங்கில் கருவியும் இதற்கு நெருங்கிய உறவாகவே தெரிகிறது. செய்து பார்க்கிறவர்கள் பிளப்பதற்கு முன் கணுவுக்கு இரண்டு விரல் மேலே கயிற்றால் இறுகக் கட்டிவிட வேண்டும். இல்லையென்றால் பிளவு கணுவையும் தாண்டி ஓடிவிடும். பச்சை மூங்கில் பேசாது. வெட்டியதும் இரண்டு வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு நிழலில் உலர்த்தினால் உளுவும் அவ்வளவாக விழாது.

குன்றிமணித் திருத்தத்தை மட்டுமாவது அடுத்த இதழிலேயே, கட்டுரை வந்த அதே பக்கத்தில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

– தாளக் கருவி வாசகர்,
அம்மாபேட்டை, சேலம்