முதலில் ஒரு மழைக்காலம் வாடகைக்கு இரு

கோத்தகிரி,
செப்டம்பர் முதல் வாரம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு தங்கச்சி தெருமுனை வரை தானே நடந்துபோய்க் கீரை வாங்கி வருகிறாள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மறுபடியும் படிக்கச் சொல்லிக் கேட்டாள் என் வீட்டுக்காரி. நாங்கள் இங்கே நலம். மகன் ஓசூருக்கு வேலை மாறிவிட்டான். பேரனை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தாயிற்று. பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை என்கிற பேச்சு ஊரில் அப்படியேதான் இருக்கிறது. பின்கட்டில் போட்டிருந்த பீன்ஸைக் காட்டெருமை வந்து மேய்ந்துவிட்டது. திரும்பவும் விதைத்திருக்கிறோம்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். கையில் 30 லட்சம், மாதம் 28,000 ரூபாய் ஓய்வூதியம், அம்பத்தூரில் சொந்தமாக ஒரு சின்ன ஃபிளாட். இதை வைத்துக்கொண்டு எந்த மலையில் வீடு வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். எந்த மலையிலும் இப்போது வாங்காதே. வாடகைக்கு வா. அம்பத்தூர் வீட்டையும் விற்காதே, வாடகைக்கு விடு.

முதலில் கணக்கைப் பார். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். இப்போதைய வட்டி 8.2 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் கணக்கில் ஏறும். மாதத்துக்குப் பிரித்தால் 20,500. ஓய்வூதியத்தோடு சேர்த்தால் 48,500 ஆகிறது. அம்பத்தூரிலிருந்து வருகிற வாடகை தனி, மலையில் கொடுக்க வேண்டிய வாடகையில் பெரும்பங்கை அதுவே பார்த்துக்கொள்ளும். அதே 30 லட்சத்தை இங்கே ஒரு சரிவில் கொட்டினால் பழைய வீடோ காலி மனையோ கிடைக்கும், ஆனால் தங்கச்சிக்கு அவசரம் என்றால் எடுக்கக் கையில் ஒன்றும் இருக்காது. மலையில் விற்பது வாங்குவதைவிடக் கஷ்டம். அவசரத்துக்கு விற்கிறவனுக்கு இங்கே நல்ல விலை கிடைத்து நான் பார்த்ததில்லை.

காலி மனை வாங்கிக் கட்டுகிற யோசனையை அடியோடு விட்டுவிடு. மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வரும் ஊர்களில் கட்டுவதற்குத் தனி அனுமதி வேண்டும். நீலகிரியில் பொக்லைன் வைத்து மண் வெட்டவும், போர்வெல் போடவும் ஆட்சியர் அனுமதியில்லாமல் முடியாது. மணல், செங்கல், கம்பி எல்லாம் கீழேயிருந்து லாரி ஏறி வர வேண்டும். லாரி ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து மனை வரைக்கும் ஆள் தலைச்சுமைதான், அதற்குத் தனிக் கூலி. கீழே போட்ட பட்ஜெட்டில் மேலே வீடு முடியாது.

அடுத்து, கூடலூரில் உனக்கு யாரோ காட்டிய இடம். ரோட்டோரம், பத்து சென்ட், ஊட்டி விலையில் கால்வாசி என்று எழுதியிருந்தாய். விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. கூடலூர், பந்தலூர் பக்கம் பெரும்பகுதி நிலம் ஒரு காலத்தில் நிலம்பூர் கோவிலகம் என்கிற அரச குடும்பத்துக்குச் சொந்தமான ஜென்ம நிலம், அதாவது பரம்பரை உரிமை நிலம். 1969-இல் அந்த ஜென்ம முறையை ஒழித்து, நிலம் வைத்திருப்பவர் நேரடியாக அரசுக்கு வரி கட்டுகிற ரயத்துவாரியாக மாற்ற அரசு சட்டம் கொண்டுவந்தது. அதன் 17-ஆவது பிரிவில் வருகிற நிலங்களின் உரிமை முடிவாகாமல் வழக்குகளிலேயே இழுத்துக்கொண்டு போனது. கேரளத்திலிருந்து வந்து குடியேறியவர்கள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் என்று பல்லாயிரம் குடும்பங்கள் தலைமுறையாக அங்கே வாழ்கின்றன. மண்ணில் பாடுபட்டவர்களுக்கே பட்டா கிடைக்காத ஊர் அது. அவர்களுக்கு அது கிடைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஆனால் வெளியிலிருந்து போகிற நீ, வெறும் ஒப்பந்தப் பத்திரத்தை நம்பி அந்தச் சிக்கலுக்குள் காசைப் போடாதே. பட்டா இல்லாத இடத்தில் மின் இணைப்பு வாங்கவே அலைய வேண்டியிருக்கும். நம்மோடு படித்த ஒருவன் அப்படித்தான் வாங்கிவிட்டு வேலி மட்டும் போட்டு வைத்திருக்கிறான். யார் என்று உனக்குத் தெரியும், பெயர் வேண்டாம். இன்னொன்று, அது தென்மேற்குப் பருவமழை நேராக மோதுகிற பக்கம். தமிழ்நாட்டில் அதிகமாக மழை பெய்கிற ஊர்களில் அங்கே இருக்கிற தேவாலாவும் ஒன்று. 2024 ஜூலை 30 விடியலில் முண்டக்கை, சூரல்மலையைப் புரட்டிப்போட்ட நிலச்சரிவு நடந்த வயநாடும் அதை ஒட்டியதுதான். யானை நடமாட்டமும் உண்டு.

ஊட்டியையும் கணக்கில் எடுக்காதே. 2,240 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரியில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்தவளை அந்தக் குளிரில் கொண்டுபோய் வைக்க எனக்கு மனம் வரவில்லை, உன் டாக்டரும் ஒத்துக்கொள்ள மாட்டார். குன்னூர் எனக்கு ரொம்பப் பிடித்த ஊர், 1899-இலிருந்து ரயில் வருகிற ஊர். ஆனால் ரேலியா அணையை நம்பியிருக்கிற அந்த நகரத்தில் கோடையில் தண்ணீருக்கு நாள் கணக்காகக் காத்திருக்க வேண்டும். வாடகையும் அதிகம்.

கொடைக்கானல் டவுன் வேண்டாம், அவசரத்துக்கு இறங்கிப் போக மதுரை ஏறக்குறைய 120 கிலோமீட்டர். கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பி, மிளகு, மலைவாழை என்று மண்ணே மணக்கும். குளிரும் அளவாக இருக்கும். தங்கச்சிக்கு இந்த நெஞ்சு வலி வராமல் இருந்திருந்தால் அங்கேதான் போகச் சொல்லியிருப்பேன். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. ராத்திரி இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸ் அத்தனை வளைவையும் இறங்க வேண்டும். ஏலகிரி ஜோலார்பேட்டை ஜங்ஷனுக்குப் பக்கம், வசதிதான். ஆனால் 1,100 மீட்டர்தான் உயரம், ஏப்ரல் வெயிலில் நீ தேடுகிற குளிர்ச்சி அங்கே இருக்காது.

மிச்சம் இரண்டு ஊர். ஒன்று எங்கள் கோத்தகிரி.

இங்கே இருக்கிற நல்லதைச் சொல்கிறேன். தொட்டபெட்டா மலை மேற்கே மறைத்து நிற்பதால் ஜூன், ஜூலையில் ஊட்டி நனைகிற அளவு இங்கே நனையாது. பஸ் நிறைய. மலைப்பகுதி அரசு பஸ்களிலும் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்துவிட்டதால் என் வீட்டுக்காரி கட்டபெட்டுக்கும் அரவேணுவுக்கும் காசில்லாமல் போய் வருகிறாள். ஊட்டியில் 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் கோயம்புத்தூர் ஓட வேண்டியதில்லை. ஆனால் எங்களுக்கு மழை வடகிழக்கிலிருந்து வரும். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரி பக்கம் ஒரே மழையில் நிலம் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு இங்கே இருக்கிறவர்கள் வீடு பார்க்கும்போது முதலில் பார்ப்பது வீட்டின் பின்புறத்தைத்தான்.

நீயும் அப்படியே பார். எந்த ஊரானாலும் மழை பெய்கிற நாளில் போ, வெயில் நாளில் போகாதே. முன்பக்கம் என்ன தெரிகிறது என்று நின்று பார்ப்பதை அப்புறம் வைத்துக்கொள். நேரே வீட்டுக்குப் பின்னால் போ. மண்ணைச் செங்குத்தாக வெட்டி வீடு கட்டியிருக்கிறார்களா? தடுப்புச் சுவர் இருந்தால் அதில் தண்ணீர் வெளியேறக் குழாய் பதித்திருப்பார்கள். மழையில் அந்தக் குழாய்களில் தண்ணீர் வழிந்தால் நல்லது, சுவர் வேலை செய்கிறது. குழாய் அடைத்துப்போய், சுவர் நிறைசூலி வயிறு மாதிரி முன்னால் தள்ளி நின்றால் அந்த வீடு வேண்டாம். வாடகை எவ்வளவு குறைவாகச் சொன்னாலும் வேண்டாம். உள்ளே வந்து படுக்கையறைச் சுவரின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வை. சில்லென்று ஈரம் ஒட்டுகிறதா என்று பார். அலமாரியைத் திறந்து மோந்து பார், சுவரில் தொங்குகிற காலண்டரைத் திருப்பிப் பார். பூஞ்சை அங்கேதான் கறுப்பாகப் பிடித்திருக்கும், புது பெயின்ட் அடித்து மறைத்திருந்தாலும் தெரிந்துவிடும். வெயில் எத்தனை மணிக்கு வீட்டுக்குள் வருகிறது என்று கேள். எங்கள் பக்கம் மதியத்துக்கு மேல் மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கிவிடும். காலை வெயில் விழாத வீட்டில் துணியும் காயாது, முட்டி வலியும் போகாது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்: ரோட்டிலிருந்து வீட்டுக்கு எத்தனை படி? மலையில் பாதி வீடுகள் ரோட்டுக்குக் கீழே இருக்கும். போன ஜூலையில் எங்களுக்குக் கீழ் வீட்டுப் பெரியவருக்கு மூச்சுத்திணறல். 108 சீக்கிரமே வந்து மேலே நின்றுவிட்டது. ஆனால் படி குறுகல், ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. நாலு பையன்கள் அவரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார்கள், பெரியவரின் மனைவி பின்னாலேயே செருப்பில்லாமல் ஓடிவந்தார். பெரியவர் பிழைத்துக்கொண்டார். அன்றைக்கு எனக்கு தங்கச்சி ஞாபகம்தான் வந்தது. உனக்குக் காட்டுகிற வீடு ரோட்டு மட்டத்தில் இல்லையென்றால் உள்ளேயே போகாதே.

இதையெல்லாம் யோசித்துத்தான் சொல்கிறேன், நீ ஏற்காட்டுக்குப் போ.

நீ பக்கத்துத் தெருவில் இருந்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? சாயங்காலம் பேசிக்கொண்டு நடக்க ஆள் கிடைக்கும் என்று நாள் முழுக்க நினைத்துப் பார்த்தேன். ஆனால் ஏற்காடு உங்களுக்குப் பொருந்துகிற அளவுக்கு கோத்தகிரி பொருந்தாது. உயரம் 1,500 மீட்டர் சொச்சம், குளிர் கடுமையாக இருக்காது. சேலம் 30 கிலோமீட்டர் சுமார். 20 கொண்டை ஊசி இறங்கினால் சமவெளி, அங்கே சிறப்புச் சிகிச்சைப் பிரிவுகளோடு பெரிய அரசு மருத்துவமனை இருக்கிறது. அடிவாரம் வழி மண் சரிந்து அடைபட்டாலும் குப்பனூர் வழி இன்னொரு பாதை உண்டு. மகளைப் பார்க்க வேண்டுமென்றால் ராத்திரி சேலத்தில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறு, காலையில் சென்னை. டவுனில் ஏரியைச் சுற்றி வாடகை ஏறித்தான் இருக்கும், மே மாதம் மலர்க் கண்காட்சிக் கூட்டமும் தாங்காது. நாகலூர் போல உள்ளே தள்ளி இருக்கிற ஊர்களில் கேள், ஆனால் டவுனுக்கு பஸ் எத்தனை மணி வரை ஓடுகிறது என்று முதலில் விசாரி. கோடையில் அங்கேயும் தண்ணீர் இழுபறிதான், வீட்டுக்காரரிடம் கிணறு உண்டா, தொட்டி எவ்வளவு பெரியது என்று கேள். பங்குனி, சித்திரையில் முதல் கோடை மழை விழுந்த சில நாளில் காப்பித் தோட்டமெல்லாம் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூத்து, மல்லிகை மாதிரி வாசம் வரும். தங்கச்சிக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

மாத வாடகை கட்டுப்படியாகவில்லை என்று யாராவது போக்கியத்துக்கு வீடு காட்டுவார்கள். மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருக்கலாம், காலி செய்யும்போது பணம் திரும்பும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் பத்திரத்தைப் பதிவு செய்யாமல் ஒரு ரூபாய் கொடுக்காதே. அதற்கு முன்னால் வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார், அந்த வீட்டின் பேரில் ஏற்கெனவே கடன் இருந்தால் உன் பணம் மாட்டிக்கொள்ளும்.

ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அங்கே இருந்து பாருங்கள். மண்ணும் மனிதர்களும் ஒத்துப்போனால் அதற்குப் பிறகு வாங்குவதைப் பற்றிப் பேசலாம். தாய்ப்பத்திரம், பட்டா, நில அளவை வரைபடம் எல்லாவற்றையும் நானே சேலம் வந்து உன்னோடு உட்கார்ந்து பார்க்கிறேன்.

கூடலூர்க்காரருக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடவில்லையே? கொடுத்திருந்தால் உடனே எனக்கு போன் செய், கையெழுத்துப் போட்ட தாளின் நகலையும் அனுப்பு. கொடுக்கவில்லை என்றால், ஐப்பசியில் நல்ல மழை பிடித்ததும் ஏற்காட்டில் நாலு நாள் தங்கி வீடு பார்க்கலாம். தேதி மட்டும் சொல், நானும் இவளும் கோயம்புத்தூர் வழியாக வந்து சேலத்தில் உங்களோடு சேர்ந்துகொள்கிறோம். தங்கச்சியின் மருத்துவச் சீட்டையும் இரண்டு வாரத்துக்கான மாத்திரையையும் மறக்காமல் எடுத்து வை.

அன்புடன்,
உன் மச்சான்