பரணிலிருந்து இறங்கிய லெகோ பெட்டி

அன்புள்ள அக்கா,

உங்கள் சிறுவயது லெகோ பெட்டியை மகனுக்குக் கொடுக்கலாமா, புதிதாக வாங்கியதோடு அது பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள். கண்ணை மூடிக்கொண்டு கொடுங்கள். லெகோ என்ற பிளாஸ்டிக் பிளாக்குகளின் மேலே குமிழ், உள்ளே குழாய் என்ற அமைப்புக்கு அந்த நிறுவனம் டென்மார்க்கில் 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கோரியது. இன்றுவரை அதே அமைப்புதான். குமிழுக்குக் குமிழ் 8 மி.மீ., பிளாக்கின் உயரம் 9.6 மி.மீ., தட்டைத் துண்டு 3.2 மி.மீ. மூன்று தட்டை அடுக்கினால் ஒரு பிளாக்.

முதலில் குமிழ்களின் தலையில் லெகோ என்ற ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கின்றனவா என்று பாருங்கள். போலிகள் கலந்திருந்தால் பிரித்துவிடுங்கள். அளவு நூலிழை பிசகினாலும் ஒன்று பிடிக்காது, இல்லையென்றால் பிடித்ததை விடாது.

ஒட்டிக்கிடக்கும் தட்டைகளைப் பல்லாலோ கத்தியாலோ நெம்ப வேண்டாம், தழும்பு மறையாது. பிளாக் பிரிப்பான் என்ற சிறு நெம்புகோல் இரண்டு வாங்குங்கள். ஒன்றை மேலேயும் ஒன்றைக் கீழேயும் மாட்டி எதிரெதிராக அழுத்தினால் ஒரே அளவுத் தட்டைகளும் கழன்றுவிடும். கண்ணாடிபோல் ஒளிபுகும் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்ட விடாதீர்கள், கழற்றுவது பெரும்பாடு.

கழுவ 40 டிகிரிக்கு மேல் போகாத வெதுவெதுப்பான நீரும் மிதமான சோப்பும் போதும். கொதிநீர் பட்டால் உருக்குலையும், மெல்லிய அடித்தட்டு முதலில் வளையும். மோட்டாரையும் ஸ்டிக்கர் ஒட்டிய துண்டுகளையும் நனைக்காமல் துடையுங்கள்.

வெள்ளை பழுத்து மஞ்சளாகியிருந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் 3% ஹைட்ரஜன் பெராக்சைடில் மூழ்கவைத்து வெயிலில் வையுங்கள். கையுறை அவசியம், பையனை அருகில் விடாதீர்கள். பாத்திரத்தின் மூடியை இறுக்கக் கூடாது, உள்ளே ஆக்சிஜன் சேர்ந்து அழுத்தும். குமிழி ஒட்டித் துண்டுகள் மிதக்கும். மேலே ஒரு கண்ணாடித் தட்டைக் கவிழ்த்து அமிழ்த்தி, மணிக்கொருமுறை கிளறுங்கள், இல்லாவிட்டால் திட்டுத்திட்டாக வெளுக்கும். சில மணி நேரத்திலேயே மாற்றம் தெரியும். நாளடைவில் மஞ்சள் திரும்பலாம்.

நிறம்தான் சரியாகச் சேராது. 2004 வாக்கில் சாம்பல் நிறங்கள் நீலம் கலந்தவையாக மாறின, பழுப்பும் மாறியது. பழைய சாம்பலையும் புதியதையும் ஒரே சுவரில் கலந்தால் ஒட்டுப்போட்டதுபோல் தெரியும். அதற்குப்பின் சில ஆண்டுகள் வந்த செம்பழுப்புத் துண்டுகள் எளிதில் விரிசல் விடும், மெதுவாகக் கழற்றச் சொல்லுங்கள்.

மற்றபடி மாறியது விளையாட்டின் போக்கு. 1978இல் வந்த பொம்மை மனிதர்கள் எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. 1989இல் கடற்கொள்ளையர் வந்தபோதுதான் விதவிதமான முகங்கள் வந்தன. 1999இல் ஸ்டார் வார்ஸ் திரைப்படப் பெட்டிகள் நுழைந்தன. பழைய கையேட்டில் இந்தப் படியில் எது கூடியிருக்கிறது என்று படத்தை உற்றுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இப்போது ஒவ்வொரு படியிலும் தேவையான துண்டுகளை எண்ணிக்கையோடு காட்டிவிடுகிறார்கள், பைகளிலும் வரிசை எண். கட்டி முடிப்பது எளிது. ஆனால் முடித்ததும் அது அலமாரிக்குப் போய்விடுகிறது என்பதுதான் என் வருத்தம். எட்டுக் குமிழ் (2×4) பிளாக்குகள் ஒரே நிறத்தில் ஆறு இருந்தாலே 91,51,03,765 விதமாகச் சேர்க்கலாம்.

அதனால் உங்கள் பெட்டியிலுள்ள எட்டுக் குமிழ்களையும் நான்கு குமிழ்களையும் நிறம் பார்க்காமல் வடிவவாரியாகப் பிரித்து, அகலமான தட்டங்களில் கொட்டிக் கொடுங்கள். ஒரே நிறக் குவியலில் சின்னத் துண்டு கண்ணுக்கு அகப்படாது. அடுத்த பிறந்தநாளுக்கு வாங்குவதானால் கிரியேட்டர் வரிசையில் மூன்று மாதிரிகள் கட்டக்கூடிய பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். அதில் கலைத்துக் கட்டத்தான் வேண்டும்.

அன்புடன்,
தம்பி